ஏணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

அளவு டேப்பின் கொக்கி முனையைத் தான் பிடித்துக்கொண்டு, டேப் பெட்டியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார் கண்ணாடிக்காரர். "எண்ணை நீங்க படிங்க. சத்தமா." படித்ததும் இடம் மாறி நின்று இன்னொரு முறை. ஜன்னல் கண்ணாடி அரை சென்டிமீட்டர் குறைந்தால் குப்பைதான். "அளவு ரெண்டு பேரோடது சார். நாளைக்கு நீங்க என்னைத் திட்ட முடியாது, நான் உங்களைத் திட்ட முடியாது."

கடை ஒரு ஆள் நுழையும் அகலம்தான். இரு சுவரிலும் கண்ணாடிகள் சாய்ந்து நிற்பதால் அவர் பக்கவாட்டில் நடந்து பழகிவிட்டார். தெருவிலும் சில சமயம் அப்படியே நடக்கிறார். வயது அறுபத்தாறு. விரல்களில் வெள்ளைக் கோடுகளாகப் பழைய வெட்டுகள். கேட்டால் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியின் தடிமன் சொல்வார். வேலைக்கு நடுவில் ரத்தம் வந்தால் வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு வெட்டுவார். "அது சும்மா எட்டிப் பாக்கும். கண்டுக்காம விட்டா போயிடும்."

சர்க்கரையும் பிரஷரும் ஏற்கெனவே உண்டு. போன வருடம் இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். மருந்துக் கடைக்காரர் அட்டையை நீட்டிக்கொண்டே, "ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. எங்கயும் வெட்டிக்காதீங்க" என்றார். கண்ணாடிக்காரர் வீடு வரும்வரை சிரித்தார். பிறகு அட்டையை மேஜை டிராயரில், ஆணி டப்பாவுக்கு அடியில் வைத்தார். மனைவி கேட்கும்போதெல்லாம் "ஆச்சு" என்றார்.

அடுத்த மாதம் டாக்டரம்மா கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா போகுதா?"

"போகுதும்மா."

"போகுது. டிராயருக்குள்ள" என்றாள் மனைவி. அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்னு சொல்லுங்க."

"நான் கண்ணாடி வெட்டுறவம்மா. தினம் ரத்தம் பாக்குறவன். அது நிக்கலைன்னா?" பிறகு, அதிகம் பேசிவிட்டவர் போலக் கையைக் கட்டிக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. நீங்களே ஒண்ணு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"போன தடவையும் இதேதான் சொன்னாரு" என்றாள் மனைவி. "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் டேப் பிடிக்க வெக்கிறவரு, இங்க வந்தா பூனைக்குட்டி."

டாக்டர் ஒரு தாளில் வரிக்குப் பத்தாக நூறு வட்டங்கள் போட்டார். அதற்கு நேரம் பிடித்தது. வெளியே காத்திருந்த ஒருவர் கதவைத் திறந்து பார்த்து மூடினார். "உங்களை மாதிரி நூறு பேர். மாத்திரை இல்லைன்னா, ஒரு வருஷத்துல அஞ்சு பேருக்கு இதயத்துலேருந்து ரத்தக்கட்டி மூளைக்குப் போகும். கை கால் விழலாம்." ஐந்தைக் கருப்பாக்கினார். "மாத்திரை போட்டா அஞ்சு ரெண்டாகும். ஆனா வேற ரெண்டு பேருக்குப் பெரிய ரத்தப்போக்கு வரலாம்." இரண்டில் குறுக்குக் கோடு.

கண்ணாடிக்காரர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "இதுல நான் எது?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "விரல் வெட்டு?"

"அழுத்திப் பிடிச்சா நிக்கும். வழக்கத்தைவிட நேரமாகும், அவ்வளவுதான். எனக்கு விரல்ல பயமில்ல. தலையில அடிபட்டாத்தான் பயம். நீங்க மேஜைகிட்ட நின்னு செய்யுற வேலைதானே?"

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"மாடி ஜன்னலெல்லாம் ஏணிலதாம்மா."

"இதை நீங்க சொல்லவேயில்லையே!"

"நீங்க கேக்கவேயில்லையே."

டாக்டர் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்தார். மாத்திரையும் ஏணியும் சேர்ந்தால் இந்தக் கணக்கு செல்லாது என்றார். ஏணியை வைத்துக்கொண்டு மாத்திரையை விட்டால் அந்த ஐந்து ஐந்தாகவே இருக்கும். "ரெண்டுல எதை விட முடியும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். யோசிச்சுட்டு வாங்க, சேர்ந்து முடிவு பண்ணலாம்."

"கட்டி வந்தா எந்தக் கை விழும்?"

"சொல்ல முடியாது."

தாளை மடிக்காமல் எடுத்து வந்தார். மூன்று நாள் அது வெட்டும் மேஜையில் ஒரு துண்டுக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. படத்துக்குச் சட்டம் போட வந்தவர்களிடம் எல்லாம் வட்டங்களைக் காட்டி விளக்கினார். ஒருவர், "நம்பர் குலுக்கலா?" என்றார். இந்தப் பகுதியில் மூன்றாம் மாடிக்குக் கண்ணாடி தூக்கிப்போய்ப் பொருத்துபவர் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். "ஏணி இல்லாட்டி நான் போட்டோவுக்குச் சட்டம் போடுறவன்" என்று மனைவியிடம் சொன்னார். நான்காம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டே, "உன் தம்பியை வரச் சொல்லு" என்றார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னார்: "மாத்திரை போடறேன். ஏணி ஏறல. ஆனா வெட்டுற மேஜையை விடச் சொல்லாதீங்க." டாக்டர், "சொல்ல மாட்டேன். கையுறை மட்டும் போடுங்க" என்றார். கையுறை போட்டால் கண்ணாடி விளிம்பு விரலோடு பேசாது என்றார் இவர். இடது கைக்கு மட்டும் என்று முடிவானது.

இப்போது ஏணியில் மைத்துனன் நிற்கிறான். இவர் கீழே நின்று கத்துகிறார். "இடது பக்கம் தள்ளு மாப்ளே. உன் இடது இல்ல, என் இடது!"

"மேல நிக்கிறவன் இடதுதான் மாமா இடது."

போன வாரம் கையுறை இல்லாத வலது கட்டை விரலில் கண்ணாடி ஏறிவிட்டது. துணியைச் சுற்றி அழுத்திக்கொண்டு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே மனைவியும் அதையே பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் துணியை விலக்கினார். சிவப்பு ஊறி வந்தது. எட்டாவது நிமிடம் அவள் செருப்பை மாட்டினாள். அவர் தலையை மட்டும் அசைத்து உட்காரச் சொன்னார். மீண்டும் விலக்கியபோது வெட்டு வாய் மூடிக் கிடந்தது.

கண்ணாடியில் குறி போடும் பேனாவை இடது கையால் எடுத்து, மாத்திரை அட்டையின் பின்பக்கம் கோணல் எழுத்தில் எழுதினார்: கட்டை விரல், பதினோரு நிமிடம்.