வாசலில் நின்ற நல்லிணக்கக் குழு

எங்கள் வாரிங்கா டவுனில் நல்லிணக்கக் குழு பதினோரு வருஷமாகக் கூடுகிறது. டீ ஊற்றுவது நான். அதனால் அத்தனை வெட்டிப் பேச்சும் என் காதில்தான் விழும். பழங்குடிகளான எங்களுக்கு வெள்ளைக்காரர்கள் செய்த அநியாயத்துக்கு என்ன பரிகாரம் என்று விவாதம். வைக்கப்போகும் மன்னிப்புக் கல்வெட்டில் 'வருந்துகிறோம்' போதுமா, 'ஆழ்ந்து வருந்துகிறோம்' வேண்டுமா என்பதற்கே மூன்று வருஷம் போயிற்று. சிட்னியிலிருந்து நிபுணர் வேறு வந்தார்.

மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் வரவேற்காமல் கூட்டம் தொடங்காது. இப்போது அதுதான் மரியாதை. எங்களில் மூத்தவள், ஊருக்கே அத்தையான வெர்லின் அத்தை வரவேற்பாள், கை தட்டுவார்கள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான். அவள் அம்மாவை வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அந்த வேலியை எடுங்கள் என்கிறாள். அது எப்போதும் கடைசி விஷயம். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

போன பிப்ரவரியில், எங்கள் ஊர் நடுக்கோடையில், அத்தை மண்டபத்து வாசலை மறித்து நின்றாள்.

"எங்க வழக்கப்படி விருந்தாளி எல்லைக்கு வெளிய காத்திருக்கணும். கூப்பிட்டாத்தான் உள்ள வரலாம். இருங்க, கூப்பிடுறேன்."

"ஆகா, பாரம்பரியம்!" என்று மேயர் க்ளென் போட்டோ எடுத்தார். நாற்பத்திரண்டு டிகிரி வெயில். பத்து நிமிஷத்தில் மூஞ்சி தக்காளியாகிவிட்டது.

"எவ்வளவு நேரந்தான் அத்தை வெளியவே நிக்கிறது?"

"எங்கம்மா ஐம்பத்தெட்டு வருஷமா வெளியதான் கிடக்குறா க்ளென். அவளைக் கேட்டுச் சொல்றேன்."

அன்று கூட்டம் நடக்கவில்லை. ஆனால் குழு சும்மா இருக்குமா? போனிலேயே தீர்மானம் போட்டு, ஒரே வாரத்தில் வாசலில் தகரக் கொட்டகை எழுப்பிவிட்டார்கள். பத்து நிமிஷ வெயிலுக்கு அவ்வளவு வேகமாகப் பரிகாரம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கெட்டிலைத் தூக்கி அடிக்காதது பெரிய விஷயம்.

அத்தை கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா. இனிமே வேலி போற வரைக்கும் சௌகரியமா காத்திருங்க."

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் கொட்டகையிலேயே டீ குடித்துவிட்டுப் போனார்கள். வரவேற்பு இல்லாமல் உள்ளே போனால் பேப்பர்காரன் கிழித்துவிடுவானே என்ற பயம். மே மாதம் குழு அனுப்பிய ஆள் வந்து கல்லறை வேலியைப் பிடுங்கினான். மேயர் ரிப்பன் வெட்ட வந்தார்.

"இப்பவாவது எங்களைக் கூப்பிடுவீங்களா அத்தை?"

"பொறு க்ளென். உனக்கு முன்னாடி ஒருத்தி காத்திருக்கா."

அத்தை தன் அம்மாவைப் புதைத்த மண்மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"உள்ள வாம்மா," என்றாள்.