அதே நம்பர்தான்

ஹான்சூ அம்மாவின் வீட்டை விற்றுக் கொடுத்தது நான்தான். பூச்சொன் நகரத்தில் இந்தக் குடியிருப்பின் வாசலிலேயே இருபத்தாறு வருடமாகத் தரகு ஆபீஸ் வைத்திருக்கிறேன். வயதான காலத்தில் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பீரோ நுழையுமா, கிம்ச்சி ஊறுகாய் ஃபிரிட்ஜை எங்கே வைப்பது, பேரப்பிள்ளைகள் வந்தால் எங்கே படுப்பார்கள், இதுதான் எல்லோருக்கும் கவலை. கதவுப் பூட்டின் நம்பரை நினைத்துத் தூக்கம் கெட்டவள் இவள் ஒருத்திதான்.

அவளுடைய சொந்தப் பெயர் நாம் மால்சூன்; நாம் என்பது குடும்பப் பெயர். மால்சூன் என்றால் கடைசிப் பெண். பெண் பிறந்தது போதும் என்று அவள் அப்பா வைத்த பெயர். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்களாம். அந்தப் பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டிலும் என் ஒப்பந்தத்தாளிலும் தவிர நான் எங்கேயும் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், என்னை மெங் அம்மா என்பதுபோல. காய்கறிக் கடையில், பஸ் ஸ்டாப்பில், சர்ச்சில் எல்லாம் அவள் ஹான்சூ அம்மா. அவள் வீட்டுக்குள் மட்டும் ஏழு வருடமாக யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

சொல்லாதவர் அவள் புருஷன் கூ சொங்போக். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் சிக்னல் பார்த்தவர். பார்ப்பதை விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குப் பார்த்ததாகக் கணக்கு. ரிட்டையர் ஆன பிறகும் அடுப்பை நோக்கி விரலை நீட்டி, "கேஸ். மூடியிருக்கு. சரி" என்பார். மழை வந்தால், "ஜன்னல். சாத்தியிருக்கு. சரி." கதவுப் பூட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவார். அந்தப் பேட்டரி ஒரு வருடம் தாராளமாக ஓடும். ரயில்வேக்காரன் புத்தி என்று ஹான்சூ அம்மா என்னிடம் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த நம்பர் பூட்டு அவர்கள் மகன் ஹான்சூ ஹைஸ்கூல் படிக்கும்போது போட்டது. நம்பர் 0417, அவன் பிறந்த நாள். அவன் வளர்ந்தான், அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படித்தான். ஆறு வருடம் எழுதினான், ஆறு வருடமும் தோற்றான். ஒரு புத்தாண்டு அன்று, அரிசிக் கேக் சூப் ஆவி பறந்துகொண்டிருக்கும்போது, இனிமேல் எழுதப் போவதில்லை என்று சொன்னான். கூ ஐயா ஸ்பூனை வீசினார். இந்த வாசலை மறுபடி மிதிக்காதே என்றார். ஹான்சூ தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு பையோடு இறங்கிப் போனான், போன் நம்பரை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். அன்றைக்குப் போட்ட சத்தம் கீழே என் ஆபீஸ் வரை கேட்டதால் எனக்கு விஷயம் தெரியும். மற்றவர்களிடம் ஹான்சூ அம்மா, அவன் வியட்நாமில் ஒரு கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிவைத்தாள். ஏழு வருடமாக அங்கே அவனுக்குப் பதவி உயர்வெல்லாம் கொடுத்தாள், பாவம்.

வீட்டை விற்கக் காரணம் அவள் முழங்கால். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் ஐந்தாம் மாடி. ஆபரேஷன் செய்த டாக்டர், படிதான் உங்களுக்கு எமன் என்று சொல்லிவிட்டார். நான்தான் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி லிஃப்ட் உள்ள கட்டடத்தில் பதினேழு ப்யோங்கில், அதாவது அறுநூறு சதுர அடியில், ஒரு வீடு பார்த்துக் கொடுத்தேன். இருந்தது முப்பத்தொரு ப்யோங், ஏறக்குறையப் பாதி. மூன்று அறை ஒன்றாகிவிட்டது. ஹான்சூவின் அறைக்கு அங்கே இடமே இல்லை.

பழைய வீட்டை வாங்க வந்தவள் யூன்ஜி. கைக்குழந்தைக்காரி. ஒப்பந்தத்தன்று கூ ஐயா ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்துப் படித்தார். அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து ஹான்சூ அம்மா என் பக்கம் சாய்ந்தாள். கதவு நம்பரை மாற்றக்கூடாது என்று ஒரு ஷரத்து சேர்க்க முடியுமா என்று கேட்டாள்.

"ஹான்சூ அம்மா, வீட்ட வித்துட்டு நம்பர மட்டும் வெச்சுக்கிறதுன்னு இந்த நாட்டுலயே ஒரு ஷரத்து கிடையாது" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னேன். நாற்பத்தோரு வயது ஆம்பிளை, வார்டு ஆபீசுக்குப் போனால் அப்பா அம்மா எங்கே குடிபோனார்கள் என்று ஒரு தாளில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். "ஆபீஸ்ல போய்க் கேக்கற தைரியம் இருக்கறவன் எப்பவோ போன் பண்ணியிருப்பான், மெங் அம்மா. அவன் யோசிச்சுட்டு வர மாட்டான். என்னைக்காவது குடிச்சுட்டோ, காய்ச்சலோடயோ, கால் போன போக்குல வந்து நிப்பான். கை தானா நம்பர அமுக்கும். திறக்கலேன்னா அப்படியே திரும்பிப் போயிடுவான். அப்புறம் வரவே மாட்டான்."

யூன்ஜியிடம் உள்ளதைச் சொல்லிவிடு, உங்கள் புது விலாசத்தைக் கதவில் ஒரு சீட்டாக ஒட்டிக்கொள்ளட்டும் என்றேன். அவள் சொல்லிவைத்த வியட்நாம் கதை குறுக்கே நின்றது. அதற்குள் கூ ஐயா திரும்பிவிட்டார், சீட்டு என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

"வீட்டை விட்டுப் போறவங்க நோட்டீஸ் ஒட்டிட்டா போவாங்க?" என்றார். "நம்மளத் தேடி வர யாரும் இல்ல."

நானாவது யூன்ஜியிடம் சொல்லியிருக்கலாம். வீடு கைமாறுகிற நேரத்தில் இப்படி ஒரு கதையைச் சொன்னால் வாங்க வந்தவள் பயந்து ஓடிவிடுவாளோ என்று எனக்குப் பயம். உள்ளதை ஒத்துக்கொள்கிறேன்.

சாமான் கழிக்கும் படலம் மூன்று வாரம் நடந்தது. தூக்கிப் போடுகிற பெரிய சாமான்களில் வார்டு ஆபீஸ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கூ ஐயா ஒவ்வொன்றாக ஒட்டினார். சோபா, விருந்தாளி மெத்தைகள், பத்துப் பேர் சாப்பிடும் மேஜை. ஹான்சூவின் படிப்பு மேஜையிலும் ஒட்டினார். அவர் நடைக்குப் போனதும் அவள் அதைப் பிய்த்தாள். திரும்பி வந்தவர் மறுபடி ஒட்டினார். மறுநாள் அவள் மறுபடி பிய்த்தாள். மேஜை முழுக்கப் பசைத் தழும்பாகிவிட்டது. சண்டை என்று ஒரு வார்த்தை இல்லை. போய்ப் பார்த்த எனக்குத்தான் இரண்டு பேரையும் உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

ஆவிகள் ஊர்சுற்றாத நல்ல நாளாகப் பார்த்து வீடு மாறினார்கள். ஏணி வண்டி ஜன்னல் வழியாகச் சாமானை இறக்கியது. ஹான்சூவின் மேஜை அதில் தனியாக இறங்கியபோது ஹான்சூ அம்மா ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் இருந்தாள். புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது குக்கர், அதை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள். வழியெல்லாம் ஒரே கேள்வி. யூன்ஜி எப்போது நம்பர் மாற்றுவாள்? இன்றைக்கேவா? ஒரு வாரம் பொறுப்பாளா? எல்லோரும் முதல் நாளே மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன்.

புது வீட்டில் பூட்டு வைக்க வந்தவன் என்ன நம்பர் என்று கேட்டான். கூ ஐயா எதையாவது போடு என்று சொல்லிவிட்டு பால்கனிப் பக்கம் போனார். அவள் குரலைத் தாழ்த்தி 0417 என்றாள். புருஷன் கண்டுபிடித்தால் என்ன ஆகுமோ என்று சாயங்காலம் வரை அவளுக்கு உதறல். அவர் வெளியே போய் வந்தார், அவளிடம் நம்பர் கேட்காமலே அமுக்கினார், உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றினார். இதை அவள் எனக்குச் சொன்னபோது மறதியில் பழைய நம்பரையே அமுக்கியிருப்பார் என்று நாங்கள் இருவரும் முடிவு கட்டினோம்.

அதற்குப் பிறகு அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி என் ஆபீசுக்கு வந்துவிடுவாள். ஒருநாள் குடையை விட்டுவிட்டேன் என்பாள், ஒருநாள் இந்தக் கடை முள்ளங்கிதான் நன்றாக இருக்கிறது என்பாள். உட்கார்ந்த இடத்திலிருந்து ஐந்தாம் மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இளைத்துவிட்டாள். அந்தக் கட்டடத்துக்குள் தொப்பி போட்ட ஆம்பிளை யார் நுழைந்தாலும் எழுந்து நிற்பாள்.

நான்காவது வாரம் ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வழக்கமாக நாலு மணிக்கே கிளம்பிவிடுகிற ஹான்சூ அம்மா, குடிபுகுந்ததற்கு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் சிவப்புப் பயறு கேக்கைத் தாமதமாகச் செய்து எடுத்து வந்து அன்றைக்கு இன்னும் உட்கார்ந்திருந்தாள். என் இரண்டு கையிலும் கேக்கின் மாவு. போன் அடித்தது, விரல் நுனியால் ஸ்பீக்கரில் போட்டேன். யூன்ஜி.

"மெங் அம்மா, யாரோ ஒரு ஆளு கதவு நம்பர அமுக்கிட்டே இருக்காரு. மூணு தடவை ஆச்சு. தொப்பி போட்டிருக்காரு, முகம் தெரியல. நான் குழந்தையோட தனியா இருக்கேன். போலீஸக் கூப்பிடவா?"

ஹான்சூ அம்மா எழுந்துவிட்டாள். "வேண்டாம்னு சொல்லு. வேண்டாம்னு சொல்லு" என்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருவைத் தாண்டிவிட்டாள்.

ஆபரேஷன் செய்த காலோடு ஐந்து மாடி. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து உடம்பை இழுத்து இழுத்து ஏறினாள். நான் கீழிருந்தே ஹான்சூ என்று கத்தப் போனேன். திரும்பி என் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாத, பயந்து ஓடிடுவான்." மேலே பூட்டு வீறிட ஆரம்பித்தது. ஐந்து தடவை தப்பாக அமுக்கினால் அப்படித்தான் கத்தும். குழந்தையும் சேர்ந்து கத்தியது. இரண்டாம் மாடியில் அவள் செருப்பு ஒன்று கழன்று உருண்டது. நான் எடுக்கக் குனிந்தேன், அவள் நிற்கவில்லை. அவன் போய்விடுவான், அவன் போய்விடுவான் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே போனாள். கீழே இறங்க இந்த ஒரு படிக்கட்டுதான், எங்களைத் தாண்டித்தானே வர வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான்காம் மாடி திருப்பத்தில் அலறல் நின்றது. மேலே ஒரு குரல் கேட்டது.

"பூட்டு. விளக்கு எரியுது. பேட்டரி, சரி. நம்பர்..."

ஹான்சூ அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூ ஐயா கதவுக்கு முன்னால் விரலை நீட்டியபடி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் விரல் இறங்கியது. நடைக்குப் போட்டுக்கொள்ளும் தொப்பியைக் கழற்றினார். தப்பு செய்து பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை முழிப்பதுபோல் முழித்தார்.

"நம்பர மாத்திட்டாங்க" என்றார்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஏழு வருஷமா தினம் நடை முடிஞ்சு வர்றப்போ ஒரு தடவை அமுக்கிப் பாப்பேன். பேட்டரி செத்துப்போனா அவனுக்குத் திறக்காதே. நேத்து வரைக்கும் திறந்துச்சு. கதவு திறந்த சத்தம் கேட்டதும் சாத்திட்டுப் போயிடுவேன். இன்னைக்கித் திறக்கல."

நேற்று வரை யூன்ஜி மாற்றவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடுத்தவள் வீட்டுக் கதவைத் தினம் திறந்து பார்த்திருக்கிறார் இந்த மனுஷன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

யூன்ஜி சங்கிலியைப் போட்டபடி கதவைத் திறந்தாள். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. கூ ஐயா இடுப்பு வரை வளைந்து மன்னிப்புக் கேட்டார், வெகுநேரம் நிமிரவில்லை. நான் விஷயத்தை நாலு வாக்கியத்தில் சொன்னேன், ஒரு மாதம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை. வியட்நாமும் அன்றோடு முடிந்தது. யூன்ஜி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தினமும் கதவு தானாகத் திறக்கிறதென்று பூட்டு ரிப்பேர் என நினைத்து நேற்று ராத்திரிதான் நம்பரை மாற்றினாளாம். பிறகு சங்கிலியை எடுத்தாள்.

கூ ஐயா நிமிர்ந்தார். படியில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"ஹான்சூ அம்மா," என்றார். "பேனா இருக்கா?"

அவளிடம் இல்லை. இருந்திருந்தாலும் எடுத்துக் கொடுக்கும் நிலையில் இல்லை. என் பேனாவையும் என் விசிட்டிங் கார்டு ஒன்றையும் கொடுத்தேன். கார்டின் பின்பக்கத்தைச் சுவரில் வைத்து, ரயில்வே ரிஜிஸ்டரில் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதினார். ஹான்சூ பார்க்கவும் என்று முதல் வரி. அடுத்து புதுக் கட்டடத்தின் பெயர், ஒன்பதாம் மாடி, வீடு 907, லிஃப்ட் உண்டு. அதற்கும் கீழே, அதே நம்பர்தான். கடைசியில் அப்பா என்று போட்டார்.

யூன்ஜி டேப் கொண்டுவந்து, பூட்டுக்கு நேர் மேலே தானே ஒட்டினாள். நாங்கள் இறங்கப் பார்த்தோம். கூ ஐயா மட்டும் நகரவில்லை. வழக்கம்போல விரலை நீட்டினார்.

"சீட்டு. ஒட்டியிருக்கு," என்றார். நீட்டிய விரலை இறக்காமல் நின்றார்.

ஹான்சூ அம்மா கம்பியைப் பிடித்து எழுந்து, ஒற்றைச் செருப்போடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். தானும் விரலை நீட்டி, "சரி" என்றாள்.