உணவை விலக்காத எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டு நீங்கி ஓராண்டு நிறைகிறது. அவருடைய நோயை உறவினர் அனைவரும் அறிவீர்கள். அந்நோயோடு அவர் எவ்வாறு உண்டு வாழ்ந்தார் என்பதை அருகிருந்து கண்டவர் சிலரே. தம்பியாகிய நான் அதனை இங்கு எழுதுகிறேன்.

ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பை அடுத்த வீட்டில் பிறந்த அக்கா, மாமாவை மணந்து பூலாம்பாடிக்குச் சென்றார். வெங்காயமும் மக்காச்சோளமும் பயிரிடும் குடும்பம் அது. களையெடுக்க வந்த பெண்களோடு வரப்பில் அமர்ந்து, அவர்கள் தூக்குச்சட்டியில் இருப்பதையும் தம்முடையதையும் பகிர்ந்து உண்பது அவருக்குப் பெருமகிழ்ச்சி.

இரண்டாம் மகள் பிறந்தபின் ஒரு கண் மங்கியது. அடுத்து வலக்கால் தளர்ந்தது. திருச்சி மருத்துவர் அதனைத் தண்டுவட மரப்பு நோய் என்றார். நரம்புகளின் மேலுறை சிதையும் நோய். அடக்கி வைக்கலாம், அகற்ற இயலாது என்று விளக்கினார்.

நம் குடும்பங்களில் நோயாளியைக் காண வருவோர் பழங்களோடு ஒரு விலக்கையும் கொண்டு வருவர். நரம்புக்குப் புளி ஆகாது என்றார் ஒருவர். கத்திரிக்காய் கரப்பான் பண்டம், தோலில் அரிப்பைக் கிளப்பும் என்றார் மற்றொருவர். மீன்சுருட்டி ஊரிலிருந்து வந்த சித்தி தயிரையும் மீனையும் தடுத்தார். யாவும் அன்பினால் சொன்னவை. பெரியோர் சொல்லைத் தட்டியறியாத அக்கா ஒவ்வொன்றாக விட்டார். கஞ்சியும் சுட்ட அப்பளமும் எஞ்சின. கழிப்பறைக்கு நடக்க அஞ்சித் தண்ணீரையும் குறைத்தார். கைவளையல் முழங்கை வரை ஏறியது.

மருத்துவமனையில் உணவு ஆலோசனை கூறும் பெண் அவரது எடையைக் கண்டு திகைத்தார்.

"இதெல்லாம் சாப்பிடக் கூடாதுன்னு யாரு சொன்னாங்கக்கா?"

"சொந்தக்காரங்க."

"அப்ப சொந்தக்காரங்கள நிறுத்துங்க. சோத்த நிறுத்தாதீங்க."

மாமா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், "ஏங்க, போற வழியில மீன் வாங்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

எவ்வுணவும் இந்நோயைத் தீர்க்காது, உடல் இற்றுப்போகாமல் காக்கவே உணவு என்று அப்பெண் தெளிவுபடுத்தியிருந்தார். கீரை, பயறு, முட்டை, மீன், போதிய தண்ணீர் என அக்கா மீண்டும் உண்ணத் தொடங்கினார். அடுப்பின் வெம்மையில் அவருடைய கைகால்கள் சோர்ந்துவிடும். ஆகவே அவர் நாற்காலியில் அமர்ந்து காய் அரிய, மாமா சமைத்தார். நண்பகல் கடந்தால் அக்காவின் கை ஓய்ந்துவிடும் என்பதால், ஆடவர் உண்டபின் பெண்கள் உண்ணும் அவ்வீட்டில் அக்காவே முதலில் உண்டார்.

"என்னடா, பொண்டாட்டிக்கு மொதப் பந்தி, ஒனக்குக் கரண்டியா?" என்று கேட்டார் மாமாவின் தமையனார்.

"நீங்களும் ஒக்காருங்கண்ணே. கொழம்பு எப்பிடின்னு அவ வாயத் தொறக்க மாட்டேங்குறா."

அவர் அமர்ந்தார். உப்புக் குறைவு என்று சொல்லி, மறுமுறையும் கேட்டு வாங்கி உண்டார்.

சித்தி வந்தபோது அக்கா மீனும் தயிரும் பரிமாறச் செய்தார். "மொதல்ல சாப்பிடுங்க சித்தி. எது ஆகாதுன்னு அப்பறம் சொல்லுங்க" என்றார். சித்தி முள்ளை மட்டும் மிச்சம் வைத்துக் கைகழுவினார்.

இவ்வாறு உண்டு தேறிய உடலோடுதான் இரு மகள்களின் திருமணத்தையும் அக்கா கண்டார்.

பின்னர் நோய் தொண்டையை அடைந்தது. தண்ணீரே புரையேறியது. மாமா சோற்றைக் குழைத்து, அக்காவை நிமிர்த்தி அமர்த்தி, புரையேறாதிருக்க மோவாயைத் தாழ்த்தச் சொல்லிச் சிறுசிறு வாயாக ஊட்டினார். ஒருவேளை உணவுக்கே முற்பகல் கழிந்துவிடும். அக்கா ஏங்குவாரென்று வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தினோம். அவர் விரைவில் உணர்ந்துகொண்டார்.

"மீன்காரரு வரலியா?"

"வந்தாரு. வேண்டான்னுட்டேன்" என்றார் மாமா.

"எனக்கு எறங்கலன்னா ஒங்களுக்குமா எறங்காது? வாங்குங்க. வாசமாச்சும் வரட்டும்."

மாமா வாங்கினார். கட்டிலருகே அமர்ந்து உண்டார். உண்டு முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

நுரையீரலில் உணவு சென்று சேர்ந்ததால் வந்த காய்ச்சலே அக்காவைக் கொண்டுசென்றது. ஊட்டிய கை தம்முடையது என்று மாமா அன்றுமுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தனை ஆண்டுகள் அக்காவை வாழவைத்ததும் அந்தக் கைதான் என்று நாங்கள் கூறுவது அவர் செவியில் ஏறவில்லை.

மருத்துவர்க்கும், உணவு ஆலோசனை கூறிய பெண்ணுக்கும், இருவேளையும் வந்து கைகால்களை இயக்கிவிட்ட பக்கத்து வீட்டு மருமகளுக்கும், அழைத்த போதெல்லாம் வண்டியோடு வந்த ஊரார்க்கும் எங்கள் குடும்பம் கடப்பாடு உடையது. விலக்குச் சொன்னவர்க்கும் நன்றி உண்டு. நீங்களும் அவர் வாழவே விரும்பினீர்கள்.

மறைந்தவர் விரும்பிய உணவை அவர் பெயரால் விட்டுவிடுவது நம் வழக்கம். மாமா இவ்வோராண்டாக மீனைத் தொடவில்லை. அக்காவின் பெயரால் எவரும் எவ்வுணவையும் விட வேண்டா என்று மகள்கள் இருவரும் நானும் வேண்டிக்கொள்கிறோம். நினைவு நாளுக்கு மறுநாள் வீட்டில் மீன் சமைக்க இருக்கிறோம். மாமாவிடமும் கூறினோம்.

"பாப்போம்" என்றார்.