பூட்டி வைத்த சுத்தம்

கழிப்பறைக் கதவில் ரிப்பன் கட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பளபளவென்று ரோஸ் நிற ரிப்பன், நடுவில் பூ மாதிரி ஒரு முடிச்சு. செஞ்சிக் கடைத்தெருவில் வளையல் கடையில் வாங்கியது. வாங்கிவரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் வாழைக்கன்று, வாசலில் மாவுக்கோலம், கோலத்தின் நடுவில் பூசணிப்பூ. கக்கூஸ் வாசலுக்குப் பூசணிப்பூ! எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு, கத்தரிக்கோல் வைத்த தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். ஆபீசர் வரத் தாமதமாகிவிட்டது. தாம்பாளத்தை அவள் கை மாற்றி மாற்றிப் பிடித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ரிப்பனை வெட்டினார்கள், கை தட்டினோம், படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் எங்கள் தலைமை ஆசிரியர் கதவைச் சாத்திப் பூட்டு போட்டார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் அதை அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழா சாமான்கள் உள்ளே இருக்கும்போல என்றுதான் நினைத்தேன்.

அந்தத் தலைமை ஆசிரியருக்கு இப்போது பாராட்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. "உங்களோடு வேலை பார்த்தவர், அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் மேடம்" என்று எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளின் வாட்ஸாப் குழுவில் என் பேரைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்தேன். நல்ல வார்த்தை வரவில்லை. வாய்வரை வந்தது எல்லாம் வேறு வார்த்தை. அந்த மலருக்கு இது ஆகாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் எழுதித்தான் தீரவேண்டும் போலிருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் தலைமை ஆசிரியரைப் பெரிய சார் என்பார்கள். செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற பஸ் ரோட்டை ஒட்டியே எங்கள் நடுநிலைப் பள்ளி. பின்னால் பாறைக் குவியல், அதற்கப்பால் கடலைக் கொல்லைகள்; கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். பெரிய சாரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: அவர் கை சுத்தமானவர். பள்ளிப் பணத்தில் ஒரு டீ குடித்தவர் இல்லை. லீவு போட்டதே கிடையாது. மணியடிக்கும் முன்னால் வந்து நிற்பார். அவர் திருடனாக இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது, ஒரு கோபத்தோடு போயிருக்கும். அவருக்கு இருந்த ஒரே வெறி அறிவிப்பு. மாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டி வைத்திருந்தார். காலை வழிபாட்டில் குறள் முடிந்து, செய்தி வாசிப்பு முடிந்து, உறுதிமொழி முடிந்ததும் மைக்கை வாங்கிக்கொள்வார். ஊரே கேட்கும். எங்கள் பள்ளியில் இன்று மரக்கன்று நடப்படுகிறது. எங்கள் பள்ளியில் இன்று கை கழுவும் தினம். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத அன்றைக்கும் கை கழுவும் தினம் நடந்தது. பிள்ளைகள் காற்றில் கையைத் தேய்த்தார்கள், அவர் படம் எடுத்தார். அந்தப் படம் உடனே குழுவுக்குப் போகும். குழுவில் எல்லாப் பள்ளிக்காரர்களும் கைதட்டுகிற பொம்மைகளைப் போடுவார்கள். அவர்கள் போடுகிற படத்துக்கு இவரும் போடுவார். நாளெல்லாம் போனில் டொக் டொக்கென்று கைதட்டல்தான். வகுப்பு யார் எடுப்பது? நாங்கள்தான்.

தாம்பாளம் பிடித்தாள் என்று சொன்னேனே, அந்தப் பெண்தான் காலையில் செய்தி வாசிப்பாள். குழுவில் யாராவது தயார் செய்து போடுகிற செய்தியை நான் தாளில் எழுதிக் கொடுப்பேன். அவள் அதை அப்படியே வாசிக்கமாட்டாள். ஒருமுறை மனசுக்குள் படித்துவிட்டு, கடினமான சொல்லுக்கு என்னிடம் அர்த்தம் கேட்டுவிட்டு, பிறகுதான் மைக்குக்கு வருவாள். கணீரென்ற குரல். ரோட்டில் போகிறவன் சைக்கிளை நிறுத்திக் கேட்பான். எட்டாவது முடித்ததும் செஞ்சியில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும், பஸ்ஸில் போய் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பா இல்லை. அம்மா கூலி வேலை. "செஞ்சிக்கெல்லாம் அனுப்பறதுன்னா யோசிக்கணும் டீச்சரம்மா, எட்டாவது முடிக்கட்டும் மொதல்ல" என்று அம்மா சொல்லியிருந்தாள். அந்த எட்டாவதை முடிப்பதில்தான் எல்லாம் இருந்தது.

திறப்பு விழா முடிந்து பல வாரம் ஆன பிறகும் பூட்டு தொங்கியது. பெண் பிள்ளைகள் பழையபடி பாறைக்குப் பின்னால்தான் போனார்கள். பெரிய சாரிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "ஏம்மா, தொறந்து உட்டா ஒரு வாரத்துல நாறிப்புடும். அப்புறம் விசிட்டுக்கு வர்றவங்களுக்கு இன்னாத்த காட்டறது?" நான் கேட்டேன், "பிள்ளைங்களுக்குத்தானே சார் கட்டினது?" அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு நிர்வாகம் புரியல" என்றார். நிர்வாகமாம்! வாரத்துக்கு ஒருநாள் அவரே பூட்டைத் திறந்து, பினாயில் ஊற்றி, தரையைத் தேய்த்து, ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டு மறுபடி பூட்டுவார். யாரும் கால் வைக்காத கக்கூஸைத் தன் கையால் கழுவுகிற மனிதனை என்னவென்று சொல்வது?

பிறகு அந்த அமாவாசை வந்தது. அமாவாசை என்றால் எங்கள் ரோட்டில் இடமிருக்காது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்களும் வேன்களும் முட்டிமோதிக்கொண்டு நிற்கும். இறங்குகிற ஆம்பளைகள் எல்லாம் எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பாறைக்குத்தான் வருவார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் எந்தப் பெண் பிள்ளையும் போகமுடியாது. காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துகொள்வார்கள். மதியம் அந்தப் பெண் என்னிடம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், எனக்கு தலைக்கு ஊத்தற நாளு. பாவாடையில பட்டுடுச்சு. பாறைப் பக்கம் ஒரே ஆம்பளைங்களா இருக்குது" என்றாள்.

நான் நேராகப் பெரிய சாரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஒரு ஆம்பளையிடம் அதைச் சொல்வதற்கு அந்தக் காலத்தில் எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர் சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொண்டார். "நாளைக்கு விசிட்டும்மா. இன்னிக்கு இந்த மாதிரி கேஸுக்குத் தொறந்து உட்டா நாளைக்கு நான் இன்னா பண்றது? வூட்டுக்கு அனுப்பிடு." கேஸாம்! அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் காதில் விழுந்தது. விழட்டும். வெளியே வந்து ஒரு கருங்கல்லை எடுத்து அந்தப் பூட்டின்மேல் போட்டேன். மறுபடி போட்டேன். கட்டடத்தில் சுவர் பெயர்ந்தது, தாழ்ப்பாள் கோணியது, பூட்டு மட்டும் அசையவில்லை. அந்தக் கழிப்பறையிலேயே தரமாக வாங்கியது அது ஒன்றுதான். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்தப் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "வாணாம் டீச்சர், எல்லாரும் பாக்கறாங்க. நான் வூட்டுக்கே போறேன்" என்று அழுதாள். கல்லைக் கீழே போட்டேன்.

அவள் வீடு ரோட்டின் அந்தக் கோடியில். ஷேர் ஆட்டோ எல்லாம் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் நிரம்பி வழிந்தது. பையைப் பின்பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் நடந்தாள். என் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு அவள் முதுகை ஒட்டியே நான் நடந்தேன். பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஜன்னலிலிருந்து எவனோ விசிலடித்தான். வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாகப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அம்மனைப் பார்க்கப் போகிற அத்தனை கூட்டத்துக்கு நடுவே ஒரு குழந்தை, தலையைத் தூக்காமல், அழுகிற சத்தம் வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். காலையில் ஊருக்கே கேட்கிற குரல் அவளுடையது.

மறுநாள் விசிட் நடந்தது. வந்த ஆபீசர் கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டினார். "அட, வாசனையா இருக்குதே! எப்படி சார் இப்படி வச்சிருக்கீங்க?" என்றார். பெரிய சார் மறைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "யாரையும் உள்ள உடறதே இல்ல சார்" என்றார். ஆபீசர் "சபாஷ்" என்றார். இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை, பக்கத்தில் நின்று கேட்டேன். உடனே குழுவில் படம் போனது: ஒன்றியத்தின் முன்மாதிரிக் கழிப்பறை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படத்துக்குக் கீழேயே நானும் எழுதினேன். எங்கள் பள்ளிக் கழிப்பறை திறப்பு விழாவுக்குப் பிறகு ஒருநாள்கூடப் பிள்ளைகளுக்குத் திறக்கப்படவில்லை, நேற்று ஒரு மாணவி இரத்தக் கறையோடு ரோட்டில் நடந்து வீட்டுக்குப் போனாள் என்று எழுதினேன். அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசாரணை வரும், மெமோ வரும், வரட்டும் என்று இருந்தேன். டொக். கைதட்டல். டொக். பூங்கொத்து. "வாழ்த்துகள் மேடம்." "தங்கள் பணி சிறக்கட்டும்." ஆபீசரே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். ஒருத்தராவது படிக்கவேண்டுமே! எங்கள் பள்ளியிலிருந்து வந்தால் கைதட்ட வேண்டும் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. பெரிய சார் போனை என் முன்னால் நீட்டி, "பாத்தியாம்மா, ஆபீஸே பாராட்டிடுச்சு" என்று சிரித்தார். அவராவது படித்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. சீ, என்ன ஜென்மங்களோ!

அந்தப் பெண் அப்புறம் வரவில்லை. நானே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளே கதவோரம் நின்றாள், வெளியே வரவில்லை. அம்மாதான் பேசினாள். "டீச்சரம்மா, வயசுக்கு வந்த பொண்ணு. பஸ்ஸு நிக்கற எடத்துல பாறைக்குப் பின்னால போவச் சொல்றீங்களா? உங்க பொண்ணா இருந்தா உடுவீங்களா? கக்கூஸ் கட்டிப் பூட்டி வச்சிக்கிறீங்களே, அது யாருக்கு, சாமிக்கா?" நான் கெஞ்சினேன். எட்டாவது முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சாவி உங்க கையில இருக்குதா?" இல்லை என்றேன். "அப்ப போய்ட்டு வாங்க" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

சில வாரம் கழித்துச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். அவளாகவே வந்து பேசினாள். "பள்ளிக்கோடத்துக்குப் பின்னாலதான் நானும் அவளும் மல்லாட்ட புடுங்கிக்கினு இருந்தோம் டீச்சரம்மா. உங்க பெரிய சாரு ஸ்பீக்கர்ல சொல்றாரு, எங்க பள்ளியில ஒரு புள்ளகூட படிப்ப நிறுத்தினது இல்லன்னு. நான் இவளத் திரும்பிப் பாத்தேன். 'ஏண்டி, அப்ப நீ இஸ்கோல்லதான் இருக்கியா? இங்க மண்ணுல குந்திக்கினு இருக்கறவ யாரு?'ன்னு கேட்டேன். சிரிச்சா. அப்புறம் ஒரேடியா அழுதுட்டா." பஸ் வந்துவிட்டது, அவள் ஏறிப் போய்விட்டாள். பெரிய சார் சொன்ன அந்த அறிவிப்பும் குழுவுக்குப் போயிருந்தது. இடைநிற்றல் இல்லாப் பள்ளி. கைதட்டல் எக்கச்சக்கம்.

பெரிய சார் மாலையும் சால்வையுமாக ஓய்வு பெற்றுப் போனார். இடையில் இரண்டு பேர் வந்து போனார்கள். இப்போது அந்த நாற்காலியில் நான் இருக்கிறேன். கழிப்பறைக்குப் பூட்டு கிடையாது. தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும், டிரம்மில் பிடித்து வைத்து நாளெல்லாம் ஓட்டுகிறோம். மதியத்துக்கு மேல் நாற்றம் தாங்காது. போன விசிட்டில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுகாதாரத்தில் பின்தங்கிய பள்ளி என்று எங்களைக் குழுவில் போட்டார்கள். அதற்கும் இரண்டு பேர் கைதட்டினார்கள். கர்மம்!

இந்த ஜூன் மாசம் பள்ளி திறந்தபோது ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மெலிந்து, கறுத்து, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு நின்றாள். "டீச்சர்" என்று கூப்பிட்டாள் பாருங்கள், அந்தக் குரலில் தெரிந்துவிட்டது. உட்கார் என்றேன், உட்காரவில்லை. மகளின் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. ஆதாரை எடுக்கவில்லை, பிறப்புச் சான்றிதழை எடுக்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"டீச்சர், கக்கூஸு தொறந்து இருக்குதா?"

"நாறும்டி" என்றேன்.

மகளை இழுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள். கதவு கிறீச்சிட்டது, டிரம்மில் குவளை மோதுகிற சத்தம் கேட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு திரும்பி வந்தாள்.

"த்தூ, இன்னா நாத்தம் டீச்சர்!" என்றாள். மகளை என் மேஜைப் பக்கமாகத் தள்ளினாள். "பேர எழுதிக்கோங்க."