காசு போகுமே என்றுதான் அனுப்பினேன்

என் கணவர் இறந்தபின் பேச்சையே குறைத்துக்கொண்ட என் பதினைந்து வயது மகள் நிலாவை, அடையாறில் ஓவியம் வழியாக மனச்சிகிச்சை தரும் ஒரு பெண்மணியிடம் சனிக்கிழமைதோறும் அனுப்பிவந்தேன். முதல் நாளே நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தார். முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். முந்தின நாளே சொல்லாமல் வராவிட்டால் பணம் திரும்பாது. பிள்ளை வரைவதைப் பெற்றோரிடம் காட்டமாட்டார். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் சொல்வார். எரிச்சலோடுதான் கையெழுத்திட்டேன்.

ஒரு சனிக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் தி.நகருக்குக் கிளம்பினேன்.

"நானும் உன்கூட வரேம்மா," என்றாள் நிலா.

"கட்டின காசு போயிடும்டி. போயிட்டு வா."

கடையில் இருந்தபோது அந்தப் பெண்மணி போனில் அழைத்தார்.

"உடனே வாங்க. நிலா என் பக்கத்துலதான் இருக்கா. அடுத்த மாசம் உங்க வீடு எப்படி இருக்கும்னு வரையச் சொன்னேன். அதுல நீங்க மட்டும்தான் இருக்கீங்க. கேட்டா, 'நான் அப்ப இருக்கமாட்டேன்'னு சொல்றா."

எடுத்த ஜவுளியை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். அன்றே மனநல மருத்துவரைப் பார்த்தோம். இப்போது மெல்லத் தேறிவருகிறாள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் அவளை அங்கே விட்டுவிட்டு நான் எங்கும் போவதில்லை, வாசலிலேயே காத்திருக்கிறேன். என்ன வரைந்தாள் என்று கேட்பதில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்கிறேன்.

- ஒரு வாசகி, மயிலாப்பூர்