துரை எழுதிய பணிவான பதில்

இக்குறிப்பு கைக்குக் கிட்டும் பெருமதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மணி,

வெள்ளையர் ஆட்சி முடிந்து நான்கைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. புதுக்கடைச் சந்திப்பில், ஒரு துணிக்கடையின் ஓரத்தில் அமர்ந்து ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். பள்ளியில் நான் கற்றது சொற்பம். பழைய அலுவலகக் கடிதங்களைப் பிரதி செய்தே அம்மொழியைப் பழகினேன்.

மலையோரத் தோட்டமொன்றில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவன் வந்தான். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவன் மனைவி காய்ச்சலில் கிடந்தாள். விடுப்பு நீளவேண்டும், வேலையும், தோட்டத்துத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்த வீடும் பறிபோகக் கூடாது. நான் அறிந்த பணிவுச் சொற்கள் அனைத்தையும் கோத்து இரண்டு பக்கம் எழுதினேன்.

ஐந்தாம் நாள், தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையின் பதில் ஆங்கிலத்தில் வந்தது. 'தங்கள் மேலான கடிதத்தால் பெருமையுற்றோம். சனிக்கிழமைக்குள் தங்களைத் தரிசிக்கும் பாக்கியம் கிட்டாதெனில், மேற்கொண்டு தாங்கள் சிரமப்பட வேண்டாம். தங்கள் பாரங்கள் அனைத்தையும் இறக்கிவைப்பதில் மகிழ்வோம்' என்று எழுதி, 'தங்கள் மிகத் தாழ்மையுள்ள ஊழியன்' என முடிந்திருந்தது. மேலதிகாரியும் அப்படிக் கையொப்பமிடுவது அந்நாளைய அலுவலக வழக்கம். எனவே எனக்கு ஐயம் எழவில்லை. அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, விடுப்புக் கிடைத்ததென்று சொன்னேன்.

துணிக்கடைக்காரர் சிரித்தார். "ஏலே மக்கா, தொரையே ஒனக்கு ஊழியனாயிட்டாரு! இனி பால் வெட்ட அவரையே அனுப்பு."

அவனும் சிரித்தான். பிறகு என்னிடம், "தொரை எங்கள 'வால்லேய்'ன்னுல்லா விளிப்பாரு. இப்பம் என்னத்துக்கு அண்ணே இவ்வளவு மரியாதி?" என்றான்.

"எழுத்துன்னா அப்பிடித்தாம்லே. நீ போய்ப் பெண்டாட்டியப் பாரு."

நல்ல மாதிரிக் கடிதமென்று அதைப் பிரதி எடுத்துக்கொண்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் அதைப் பெருமையுடன் காட்டினேன். அவர் இருமுறை வாசித்தார். சிரிக்கவில்லை.

"ஓய், இது மரியாதியில்ல, பரிகாசம். உம்ம சொல்ல எடுத்தே உம்ம அடிச்சிருக்கான். சனிக்கிழம வரல்லன்னா வேலயும் வீடும் போச்சுன்னு அர்த்தம். ஆளு போனானா?"

போகவில்லை.

அன்றே அவனிடம் விவரத்தைச் சொல்லிவிட்டு, திங்களன்று முதல் பேருந்தில் அவனுடன் நானும் சென்றேன். மலைமேல் மழை மூட்டம். அவன் பராமரித்த மரங்களில் புதிய வெட்டிலிருந்து சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் வீட்டுக் கூரைமேல் வேறொருவர் அடுப்பின் புகை. பாயும் பானைகளும் முற்றத்தில் நனைந்து கிடந்தன.

தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி வந்தார். "தொரை கடுதாசி எழுதினாருல்லா? அத வாசிக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்லியாடே ஒங்க ஊர்ல?"

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குனிந்து பானைகளை எடுத்தான். நானும் வாய் திறக்கவில்லை.

வாசித்தவன் நான்தான் என்பதை இன்றே முதன்முறையாக எழுதுகிறேன். இக்குறிப்பைத் தயவுகூர்ந்து பத்திரமாக வைத்திருக்கவும்.