அரியாலை வீட்டை அளந்தவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாருடைய காலிலும் விழுந்து நான் கேட்கப் போவதில்லை. ஆனால் என் முகத்துக்கு நேரே ‘புளுகு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது எனக்கு நடந்தது. போன வருடம் நவம்பர் பதினெட்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை. பின்னேரம் ஐந்து முப்பத்தைந்துக்கும் ஆறு ஐந்துக்கும் இடையில். அந்த அரை மணித்தியாலத்தை நினைத்தால் எனக்குப் பயமும் வரும். ஆனால் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வரும்.

என் பெயர் பெர்னடெட். ஊர் குருநகர். என் கணவர் ஜெறோம் கடற்தொழில் செய்கிறவர். பதினான்கு வருடமாக வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரர் பிரான்சிலிருந்து திரும்பி வருகிறாராம், டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒரு வீடு வாங்குவது என்று முடிவெடுத்து ஜெறோம் தன் படகை எஞ்சினோடு விற்றார். விற்ற அன்று மனிசன் சாப்பிடவில்லை. இப்போது இன்னொருவரின் படகில் கூலிக்குப் போகிறார். படகு போய்விட்டது. அந்தக் காசும் போய் வீடும் இல்லை என்று ஆனால், பிள்ளையோடு நாங்கள் நடுத்தெருவில். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

வீடு காட்ட வந்த புரோக்கரின் பெயர் செபநாயகம். வெள்ளைச் சேர்ட், பொக்கற்றில் இரண்டு பேனை, கழுத்தில் செபமாலை. வாயைத் திறந்தால் “மாதா சத்தியமா, தங்கச்சி” என்பான். அவனுடைய வாயில் மாதா பட்ட பாடு இருக்கிறதே, அதற்கே அவனைக் கோயில் வாசலில் முழங்காலில் நிறுத்த வேண்டும்.

முதலில் காட்டிய வீடு கடலோரப் பக்கம். “கிணத்துத் தண்ணி தேன் மாதிரி” என்று செம்பில் கொண்டுவந்து தந்தான். குடித்தேன். நல்ல தண்ணீர்தான். திரும்பும்போது கால் கழுவலாம் என்று நானே வாளியை விட்டு அள்ளி, ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். ஒரே உவர். கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று பாதி காலியாக நின்றது. கேட்டதற்கு, “மழை பெய்ஞ்சா மாறியிடும், தங்கச்சி” என்கிறான்!

இரண்டாவது வீடு கொக்குவிலில். நாங்கள் போனபோது அங்கே இன்னொரு புருசனும் பெண்சாதியும் நின்றார்கள். அந்தப் பெண் அளவு நாடாவால் அறைகளை அளந்துகொண்டிருந்தாள். “எங்களுக்கு இது நல்லாப் பிடிச்சிட்டுது. நாளைக்கே அட்வான்ஸ் குடுப்பம்” என்றாள். செபநாயகம் என் காதோடு வந்து, “விட்டால் போயிடும், தங்கச்சி. ரெண்டு லட்சம் கூட்டிச் சொல்லுங்கோ, நான் உங்களுக்கே முடிச்சுத் தாறன்” என்றான். அன்றிரவே கொடுத்திருப்போம். ஜெறோமுக்குக் காய்ச்சல் வந்ததால் தப்பினோம். மூன்றாம் நாள் மீன் சந்தையில் அதே பெண்ணைக் கண்டேன். பக்கத்தில் பை பிடித்துக்கொண்டு செபநாயகம். அவனுடைய மச்சாளாம்! சந்தையே திரும்பிப் பார்க்க ஏசினேன். அவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

பிறகும் ஏன் அவனிடம் போனாய் என்று கேட்பீர்கள். வீடு தேடி அலைந்தவர்கள் கேட்க மாட்டார்கள். எந்தத் தெருவுக்குள், எந்த ஒழுங்கைக்குள் போனாலும் அங்கே ஒரு புரோக்கர் நிற்பான். அவன் செபநாயகத்தின் ஆளாக இருப்பான். டிசம்பர் வேறு வந்துகொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவனே போன் எடுத்தான். அரியாலையில் கனடாக்காரருடைய வீடு ஒன்று, மூன்று அறை, குசினி, விலையும் குறைவு. பிடித்தால் மறுநாள் காலை ஒன்பதரைக்கு நொத்தாரிசிடம் போய் முழுக் காசையும் கொடுத்து வீட்டு உறுதியை எழுதிவிடலாம். ஜெறோம் கடலில். நான் தனியாக என் ஸ்கூட்டியில் போனேன்.

நேரம் 5.35. ஒழுங்கையின் கடைசி வீடு. செபநாயகம் கேற்றடியில் மோட்டார் சைக்கிளில் இருந்தான். இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. வீட்டுப் பூட்டின் திறப்பை நீட்டினான்.

“நீங்கள் போய்ப் பாருங்கோ, தங்கச்சி. எனக்கு முழங்கால் வருத்தம்.”

மூன்று படி ஏற முழங்கால் வருத்தமாம். ஊரெல்லாம் ஓடித் திரிந்து பொய் சொல்ல வருத்தம் இல்லை. மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

முன்கதவில் வெளிப்பக்கம் தொங்கும் பெரிய ஆமைப்பூட்டு. கறள் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் திருகித் திறக்க நான்கு நிமிடம் பிடித்தது. உள்ளே பூட்டிக் கிடந்த வீட்டு மணம். நிலமெல்லாம் தூசி. கோதுமை மாவைக் கொட்டிப் பரவியது போல இருந்தது. என் செருப்புத் தடம் ஒவ்வொன்றும் அப்படியே பதிந்தது.

5.42. உள் அறையிலிருந்து ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்... டக்.

இரும்பு அளவு நாடாவை இழுத்து விடும் சத்தம். எனக்குப் பயம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? உச்சந்தலைக்குக் கோபம்தான் ஏறியது. அட கோதாரி! திரும்பவும் அதே நாடகம். மச்சாளை விட்டுவிட்டு இன்றைக்கு வேறொருத்தியை நிறுத்தியிருக்கிறான்!

அறை வாசலில் போய் நின்றேன். ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிறச் சேலை, கக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் பைல். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை அளந்தாள்.

“ஆர் நீர்?”

“வீடு பாக்க வந்தனான்.”

“உம்மையும் செபநாயகம்தானே கூட்டிக்கொண்டு வந்தவன்?”

“ஓம்.”

ஒளிக்காமல் சொல்கிறாள்! நான் வெடித்துவிட்டேன். “உமக்கு வெக்கமில்லையோ? படிச்ச பிள்ளை மாதிரி நிக்கிறீர். உவன் தாற நோட்டுக்காக இன்னொருத்தியின்ரை வயித்திலை அடிக்கிறீரே! என்ரை மனிசன் படகை வித்த காசு இது. தெரியுமோ உமக்கு?”

அவள் திரும்பவில்லை. “இதிலை அலுமாரி நிக்கும்” என்றாள். யாருக்கோ சொல்வது போல, மெதுவாக.

“அலுமாரியோ? நான் இஞ்சை தொண்டை கிழியக் கத்துறன், நீர் அலுமாரி வைக்கிறீரோ?”

நான் கைப்பைக்குள் போனைத் தேடினேன். செபநாயகத்தை உள்ளே கூப்பிட்டு, இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக் கேட்போம் என்று. ஐந்து விநாடி இருக்கும். நிமிர்ந்தால் அறையில் அவள் இல்லை.

சர்ர்ர்ர்... டக்.

சத்தம் குசினியிலிருந்து வந்தது.

அந்த அறைக்கு ஒரே ஒரு கதவு. அதில் நான் நின்றேன். அவள் என்னைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள். எனக்கு அன்று புத்தியையும் மறைத்திருந்தது.

குசினிக்குள் போனேன். அங்கே நின்றாள். அதே மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு.

“எங்காலை வந்தனீர்? பின்கதவாலையோ?”

பின்கதவைப் பார்த்தேன். குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணியிலும் கறள். யன்னலுக்குக் கம்பி.

முன்கதவில் ஆமைப்பூட்டு. அதை வெளியே நின்று திறந்தது நான்.

5.51.

நிலத்தைப் பார்த்தேன். என் செருப்புத் தடம் வாசலிலிருந்து நான் நிற்கும் இடம் வரை வந்திருந்தது.

வேறு தடம் இல்லை.

அவளுடைய காலடியில் கூடத் தூசி கலையவில்லை...

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கையிலிருந்து நாடா நீண்டிருந்தது. பன்னிரண்டு அடி தூரம். மறு நுனி எதிர்ச் சுவரில், இடுப்பளவு உயரத்தில் நேராக நின்றது.

அதை யாரும் பிடித்திருக்கவில்லை.

“உறுதி பாத்தனீங்களோ?”

வீட்டுப் பத்திரத்தை, காணி உறுதியைக் கேட்கிறாள். என் வாய் தானாகப் பதில் சொன்னது.

“நாளைக்கு... காட்டுறன் எண்டவன்.”

“எனக்கும் நாளைக்கு எண்டுதான் சொன்னவன்.”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் குரல் என் பிடரிக்குப் பின்னால் கேட்டது. மூச்சுப் படுகிற தூரத்தில். அந்த மூச்சில் சூடு இல்லை.

“காசு குடுத்திட்டியளோ?”

“இ... இல்லை.”

“குடுக்காதேங்கோ.”

டக்.

நாடா அவள் கைக்குள் போனது.

அதே நேரம் முன் அறையில்... சர்ர்ர்ர்.

உள் அறையில்... சர்ர்ர்ர்.

எனக்குப் பின்னால்...

சேசுவே!

ஓடினேன். ஒரு செருப்பு கழன்றது. எடுக்கவில்லை. விறாந்தைத் தூணில் முழங்கை அடிபட்டது. நோகவில்லை. எல்லா அறைக்குள்ளிருந்தும் அந்தச் சத்தம் கூடவே வந்தது.

கேற்றடிக்கு வந்தபோது 6.05. போனில் பார்த்தேன். செபநாயகத்தைக் கண்டதும் பயம் போய் மறுபடி கோபம் வந்துவிட்டது. நான் அப்படிப்பட்டவள்.

“ஆரடாப்பா உள்ளுக்கை நிக்கிறது? திரும்பவும் என்னைப் பேய்க்காட்டப் பாக்கிறியோ?”

“எந்தப் பொம்பிளை?” என்றான்.

நான் பொம்பிளை என்று சொல்லவே இல்லை.

“சாம்பல் சீலை. கக்கத்திலை பைல்.”

அவன் முகம் போன போக்கை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். மாதாவையும் கூப்பிடவில்லை, தங்கச்சி என்றும் சொல்லவில்லை. கியரைப் போட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போயே விட்டான். திறப்பைக் கூட வாங்கவில்லை. இருட்டுகிற ஒழுங்கையில், திறந்து கிடக்கும் அந்த வீட்டுக்கு முன்னால், ஒற்றைச் செருப்போடு என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனான். அறுவான்!

மறுநாள் நான் நொத்தாரிசிடம் போகவில்லை. 9.40க்குப் போன் வந்தது.

“தங்கச்சி, கெதியா வாங்கோ. வேறை ஆக்களும் உந்த வீட்டுக்கு வந்து நிக்கினம்.”

முதல் நாள் அப்படி ஓடினவன், ஒரு இரவு நித்திரை கொண்டு எழும்பி, அதே பொய்யோடு அதே வீட்டை விற்க வந்து நிற்கிறான். இவனைப் பார்த்து எது பயப்படும்? ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது. ஏசி முடித்துப் போனை வைத்துவிட்டு, வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு நேரே அரியாலைக் கிராம சேவகரின் அலுவலகத்துக்குப் போனேன்.

கிராம சேவகர் ஜெயகௌரி என்னை விட இளையவர். ஒழுங்கையின் பெயரைச் சொன்னதுமே பேனையை வைத்துவிட்டார். “கனடாக்காரர் அந்த வீட்டை விக்கவே இல்லை, அக்கா. அவையள் விக்கச் சொல்லி உவனுக்கு அற்றோணி எழுதிக் குடுத்ததாக் காட்டுறது கள்ளக் கடுதாசி. முந்தியும் ஒருக்கா இப்பிடி நடந்தது. பொலிசிலை முறைப்பாடு கிடக்கு. ‘விசாரிக்கிறம்’ எண்டபடி கிடக்கு” என்றார்.

“ஒரு பொம்பிளையைக் கண்டனான்” என்றேன். சேலையையும் பைலையும் சொன்னேன். நாடாவையும் சொன்னேன்.

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி. பின்னால் அடையாள அட்டையின் போட்டோப் பிரதி.

அவள்தான்.

நிவேதனா. வல்வெட்டித்துறை. கல்யாணம் செய்யாமல் ரியூசன் கொடுத்துக் கொடுத்துச் சேர்த்த காசு முழுவதையும் அந்த வீட்டுக்கென்று செபநாயகத்திடம் கொடுத்தவள். ஏமாந்தது தெரிந்த பிறகு பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் பொலிசுக்கும் அரசாங்கக் கச்சேரிக்குமாக அலைந்தவள். அவளைத்தான் நான் வெட்கம் இல்லையா என்று கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. அந்த அறையில் வைத்தே சத்தம் போட்டு அழுதேன்.

நாங்கள் இப்போது என் அக்கா வீட்டில் ஒரு அறையில் இருக்கிறோம். படகு விற்ற காசு பத்திரமாக இருக்கிறது. யாரால் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். செபநாயகம் இன்றைக்கும் வெள்ளைச் சேர்ட்டோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரிகிறான். கண்டால் காறித் துப்புகிறேன். வேறு என்ன செய்ய?

அன்றைக்கு அழுது முடிந்த பிறகு ஜெயகௌரியிடம் கேட்டேன்.

“அந்த வீட்டுக்குள்ளையோ அவ செத்தவ?”

“இல்லை, அக்கா. ஆஸ்பத்திரியிலை. நெஞ்சு வருத்தம். போன வருசத்துக்கு முந்தின வருசம், மாசியிலை.”

“அப்ப ஏன் அங்கை...?”

ஜெயகௌரி அந்தப் பிரதியை மடித்துத் திரும்ப வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

“அவவுக்கு உவன் திறப்பே குடுக்கேல்லை. உள்ளுக்கு ஆக்கள் வாடகைக்கு இருக்கினம் எண்டு சொல்லி, போனிலை வேறையொரு வீட்டின்ரை படத்தைக் காட்டித்தான் வித்தவன். ரோட்டிலை நிண்டு பாத்ததோடை சரி. உயிரோடை இருக்கும் மட்டும் ஒருக்காக் கூட அவ அந்த வீட்டுக்குள்ளை காலடி வைக்கேல்லை, அக்கா.”